காரீயமும் அரை மணித்தியாலமும்

(நூற்றாண்டு விழா அறிவியல் அமர்வில், பழைய மாணவியும் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியையுமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, நான் மேரி கியூரி அம்மையாரைப் பற்றித்தான் பேசுவேன் என்று அவர் எண்ணியிருப்பார். கியூரி அம்மையாரைப் பற்றி இந்த மண்டபத்தில் எத்தனையோ பேச்சுப் போட்டிகளில் கேட்டுவிட்டோம். இன்று நான் சொல்லப்போகும் பெயரை உங்களில் பலர் கேட்டிருக்கமாட்டீர்கள். மில்ட்ரெட் டிரெசல்ஹவுஸ் என்பது அந்தப் பெயர். அமெரிக்கப் பெண்மணி. 1930இல் பிறந்து 2017இல் மறைந்தவர். நண்பர்களுக்கு மில்லி. சக விஞ்ஞானிகள் அவரைக் 'காபனின் அரசி' என்று அழைத்தார்கள்.

அவரிடம் போகுமுன் நமது ஆய்வுகூடத்துக்கு ஒருமுறை போய்வருவோம்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ரோச் பற்றரியும் ஒன்று. மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலில் திரியிட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். அந்த நாட்களில் மின்பகுப்புச் செய்முறைக்கு மின்வாய்கள் தேவைப்பட்டபோது, செத்துப்போன பற்றரிகளை உடைத்து நடுவிலிருக்கும் கரிய கோலை எடுத்துக் கழுவி ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் சேர்த்து வைத்தேன். வீடுகளில் கிடந்த பழைய பற்றரிகளை மாணவியர் தேடிக் கொண்டுவந்து தந்தார்கள். மின்னோட்டத்துக்கு ஒரு பழைய கார் பற்றரி.

அந்தக் கோல் காபன். "காபன் ஓர் அலோகம், ஆனாலும் காரீய வடிவில் மின்னைக் கடத்தும்" என்று கரும்பலகையில் எழுதுவேன். ஏன் கடத்துகிறது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. பரீட்சையில் அதற்கு ஓரிரு புள்ளிகள். நானும் அந்த வரியைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். டிரெசல்ஹவுஸ் அம்மையார் அந்த ஒற்றை வரிக்குள் ஐம்பது வருடத்துக்கு மேல் உழைத்தவர்.

அவர் போலந்திலிருந்து வந்து நியூயோர்க்கில் குடியேறிய வறிய யூதக் குடும்பத்தின் மகள். வளர்ந்தது பிராங்ஸ் பகுதியில். படிக்கும் காலத்திலேயே வேலைக்கும் போனவர். வயலினில் திறமை இருந்ததால் இசைப் பள்ளியொன்றில் புலமைப்பரிசில் கிடைத்தது. அங்கே வந்த வசதியான பிள்ளைகள் மூலம்தான் ஹன்டர் கல்லூரி உயர்பாடசாலை என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவந்தது. பெண்களுக்கான அரச பாடசாலை, கட்டணமில்லை, ஆனால் நுழைவுப் பரீட்சை கடினம். பழைய வினாத்தாள்களை வரவழைத்துத் தானே படித்துப் பரீட்சை எழுதினார். கணிதத்தில் முழுப் புள்ளிகள். அந்தப் பாடசாலையின் ஆண்டு மலரில், தீர்க்க முடியாத சமன்பாடு இவளுக்கு இல்லை என்ற கருத்தில் தோழிகள் அவரைப் பற்றி ஒரு சின்னப் பாட்டு எழுதி வைத்தார்கள். பாடசாலை மலர்களில் நாம் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதும் வேடிக்கை வரிகள் சில வேளைகளில் பலித்துவிடுகின்றன.

பின்பு ஹன்டர் கல்லூரியில் சேர்ந்தபோது அவருடைய எண்ணம் பாடசாலை ஆசிரியையாவதுதான். அந்நாளில் படித்த பெண்ணுக்குச் சொல்லப்பட்ட தொழில்கள் மூன்று: ஆசிரியை, தாதி, காரியதரிசி. இரண்டாம் வருடத்தில் நவீன பௌதிகவியல் கற்பிக்க ஒரு பெண் விரிவுரையாளர் வந்தார். அவர் ரோசலின் யாலோ. அப்போது அவர் இளம் விரிவுரையாளர். 1977இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். ஒரு சில மாணவியரே இருந்த அந்த வகுப்பில் யாலோ மில்லியைக் கண்டுகொண்டார். நீ பாடசாலையோடு நின்றுவிடாதே, பௌதிகவியலில் மேலே படி, ஆராய்ச்சிக்குப் போ என்று உறுதியாகச் சொன்னார். சொன்னதோடு விட்டுவிடாமல் வாழ்நாள் முழுவதும் தொடர்பில் இருந்தார். தன்னை விஞ்ஞானியாக்கியது யாலோதான் என்று டிரெசல்ஹவுஸ் கடைசிவரை சொல்லிவந்தார்.

புல்பிரைட் புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜில் ஒரு வருடம், ராட்கிளிவ் கல்லூரியில் முதுமாணிப் பட்டம், பின்பு 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகம். அங்கே என்ரிக்கோ பேர்மி கற்பித்துக்கொண்டிருந்தார். காலையில் இருவருக்கும் ஒரே வழி. உலகின் முதலாவது அணு உலையை இயக்கிக் காட்டிய அந்த மேதை, கூச்ச சுபாவமுள்ள இந்த முதல் வருட மாணவியோடு பேசிக்கொண்டு நடந்துவருவார். 1954இல் பேர்மி காலமானார். ஒரு வருடம் மட்டுமே கிடைத்த அந்த நடை மில்லியின் நினைவில் அறுபது வருடம் இருந்தது.

எல்லாரும் பேர்மி போல இருக்கவில்லை. அவருடைய ஆராய்ச்சிக்கு மேற்பார்வையாளராக அமைந்தவர், பெண்களுக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை என்று எண்ணியவர். ஆகவே தன் ஆய்வைப் பெரும்பாலும் தனியாகவே செய்தார். கருவிகளைத் தானே அமைத்தார். கம்பிகளையும் தானே செய்தார். அவர் எடுத்துக்கொண்ட விடயம் மீகடத்தல்.

இங்கே கலைப்பிரிவில் படித்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே கொஞ்சம் விளக்குகிறேன். சாதாரணக் கம்பியில் மின் ஓடும்போது இலத்திரன்கள் இடித்து மோதித்தான் செல்கின்றன. அதனால் கம்பி சூடாகிறது. மின் கேத்திலில் தண்ணீர் கொதிப்பது அதனால்தான். 1911இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் கமர்லிங் ஒன்னஸ் என்பவர் இரசத்தை மிகவும் குளிரவைத்தார். 4.2 கெல்வின் அளவுக்கு, அதாவது நீர் உறையும் நிலைக்குக் கீழே ஏறத்தாழ 269 பாகைக்கு அது வந்ததும் அதன் மின்தடை திடீரென இல்லாமல் போனது. இதுவே மீகடத்தல். மீகடத்தி வளையம் ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடக்கிவிட்டால் அது வற்றாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இன்று நீங்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கப் படுக்கும் இயந்திரத்தின் காந்தம், திரவ ஈலியத்தில் குளிரவைக்கப்பட்ட மீகடத்திக் கம்பிச் சுருள்தான்.

ஏன் தடை இல்லாமல் போகிறது என்பதற்கு 46 வருடம் விடை கிடைக்கவில்லை. 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீபர் ஆகிய மூவரும் விடை சொன்னார்கள். குளிரில் இலத்திரன்கள் சோடி சோடியாகச் சேர்ந்து, எல்லாம் ஒரே ஒழுங்கில் இயங்குகின்றன. அப்படி இயங்குவதால் மோதிச் சிதறுவதில்லை என்பது அதன் சாரம். அதே காலத்தில்தான் மில்லி தன் கம்பிகளை நுண்ணலைகளால் சோதித்துக்கொண்டிருந்தார். காந்தப்புலத்தைக் கூட்டியபோது அந்தக் கம்பிகள் எதிர்பாராத விதமாக நடந்துகொண்டன. புதிய கோட்பாட்டினாலும் அதை உடனே விளக்க முடியவில்லை. மேற்பார்வையாளரின் ஊக்கமில்லாமல் செய்த அந்த ஆய்வுக்கு 1958இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. துறையில் உள்ளோர் கவனித்தார்கள். அதே வருடம் சக பௌதிகவியலாளரான ஜீன் டிரெசல்ஹவுஸைத் திருமணம் செய்தார்.

அடுத்து வந்த பிரச்சினை இந்த மண்டபத்தில் பலருக்கும் தெரிந்ததுதான். கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலை செய்யக்கூடாது என்ற விதி அன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இருந்தது. இருவரையும் சேர்த்து எடுக்க ஆயத்தமாக இருந்த இடங்கள் மிகச் சில. 1960இல் இருவரும் பொஸ்ரனுக்கு அருகே உள்ள லிங்கன் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார்கள். ஆனால் அங்கே மீகடத்திகளில் தொடர அவருக்கு வழியிருக்கவில்லை. வலிமையான காந்தப்புலத்தில் வைத்த பொருளின்மீது ஒளியைப் பாய்ச்சி, அதனுள் இலத்திரன்கள் எப்படி இருக்கின்றன என்று அறியும் துறைக்கு மாறவேண்டி வந்தது. இத்தனை பாடுபட்டுக் கற்ற துறையை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டும். அப்போது கையில் ஒரு குழந்தை. 1964க்குள் பிள்ளைகள் நால்வர்.

எந்தப் பொருளை ஆராய்வது? குறைகடத்திகள்தான் அன்று எல்லாரும் ஓடிக்கொண்டிருந்த பாதை. மில்லி தேர்ந்தெடுத்தது காரீயம். பென்சிலுக்குள் இருக்கும் அதே காரீயம். அது மிகவும் சிக்கலானது, அதில் வேலை செய்து பயனில்லை என்று பலர் சொன்னார்கள். தான் அதைத் தேர்ந்த காரணத்தை அவர் பின்னாளில் ஒளிக்காமல் சொன்னார். போட்டி குறைந்த துறையாக இருந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வீட்டில் நின்றாலும் யாரும் முந்திவிடமாட்டார்கள். திரும்பிவந்து விட்ட இடத்தில் தொடரலாம். சகோதரிகளே, விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகள் பல வாசித்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் காய்ச்சலை எண்ணி ஆராய்ச்சிப் பொருளைத் தேர்ந்ததாக வேறெங்கும் நான் வாசித்ததில்லை.

காரீயம் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. போகலையிலும் கஹட்டகஹவிலும் நிலத்துக்குக் கீழே பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாகப் படிந்திருக்கும் இலங்கைக் காரீயம், இயற்கையில் கிடைப்பவற்றுள் மிகத் தூய்மையானது என்று பெயர் பெற்றது. நூறு வருடத்துக்கு மேலாகக் கப்பலேறி வருகிறது. அதை ஏற்றுமதிப் பொருட்களின் பட்டியலில் நாம் மனப்பாடம் செய்தோம். உள்ளே எப்படி இருக்கும் என்று பார்ப்போம். காபன் அணுக்கள் தேன்கூட்டு அறைகள் போல அறுகோணங்களாகச் சேர்ந்து ஒரு தாள், அதன்மேல் இன்னொரு தாள், இப்படி அடுக்கடுக்காக. ஒரு தாளுக்குள் பிணைப்பு மிக வலிமையானது. தாளுக்கும் தாளுக்கும் இடையே மிக மெல்லியது. பென்சிலால் எழுதும்போது தாள்கள் வழுக்கிக் கடதாசியில் படிகின்றன. மின்னும் தாளின் வழியே இலகுவாக ஓடும்; குறுக்கே போவது ஆயிரம் மடங்குக்கும் மேல் கடினம்.

அந்தத் தாள்களில் இலத்திரன்கள் எங்கே இருக்கின்றன, அவை விட்டுச்சென்ற வெற்றிடங்களான துளைகள் எங்கே இருக்கின்றன என்று ஒரு படம் அன்று பாவனையில் இருந்தது. மில்லியும் சக ஆய்வாளர்களும் 1968இல் லேசர் ஒளியைக் கொண்டு அளந்து பார்த்து, அந்தப் படத்தில் இலத்திரன்களின் இடமும் துளைகளின் இடமும் மாறிக் குறிக்கப்பட்டிருப்பதைக் காட்டினார்கள். உலகம் நம்பிக்கொண்டிருந்ததைத் திருத்துவதற்கு, யாரும் பெரிதாகக் கவனிக்காத பொருளில் பொறுமையாக அளந்த ஒருவர் தேவைப்பட்டார்.

இனி நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். அந்த ஆய்வுகூடத்தில் காலை 8 மணிக்கு வேலைக்கு நிற்கவேண்டும் என்பது விதி. நான்கு சிறு பிள்ளைகளை எழுப்பி, ஊட்டி, உதவிக்கு வரும் பெண்மணியிடம் ஒப்படைத்துவிட்டு மில்லி வந்துசேர 8.30 ஆகிவிடும். வேலையில் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை. அந்த அரை மணித்தியாலம்தான் குறையாகச் சொல்லப்பட்டது. சொன்னவர்கள் திருமணமாகாத ஆண்கள் என்று அவரே பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார்.

நான் ஓய்வுபெற்ற பிறகுதான் இதை வாசித்தேன். வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏன் என்று இந்த மேடையில் சொல்லத்தான் வேண்டும்.

ஹோர்லிக்ஸ் போத்தலில் காபன் கோல் சேர்த்த அந்த வருடங்களில், என் உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். கிழமையில் இரண்டு நாள் முதலாம் பாடம் செய்முறை. அவள் 8.30க்குத்தான் வருவாள். தகப்பன் இல்லை; தாய்க்குச் சுகமில்லை. விடியத் தண்ணீர் அள்ளி, சமைத்து வைத்து, தம்பிமார் இருவரையும் சைக்கிளில் ஏற்றிச் சென்று அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளை ஆய்வுகூட வாசலில் நிறுத்தினேன். ஒழுங்கு எல்லாருக்கும் ஒன்றுதான் என்றேன். மூன்று கிழமை நின்றாள். அதற்குப் பிறகு கலைப்பிரிவுக்கு மாறிவிட்டாள். நான் காரணம் கேட்கவில்லை. அந்த நாட்களில் பிள்ளைகள் விலகிப்போக எத்தனையோ காரணம் இருந்தது. அதில் ஒன்றாக இதையும் எண்ணிக்கொண்டேன். போத்தலில் இருந்த கோல்களில் அதிகம் கொண்டுவந்து தந்தவள் அவள்தான்.

சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோவில் ஒரு கலியாண வீட்டில் அவளைச் சந்தித்தேன். நன்றாக இருக்கிறாள். ஒரு நிறுவனத்தில் கணக்குகளைப் பார்க்கிறாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். பேச்சு வாக்கில், "ரீச்சர், நான் பிசிக்ஸைப் பிடிக்காமல் விடேல்லை. வாசலிலை நிக்க வெக்கமாய் இருந்தது, அவ்வளவுதான்" என்று சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்று இதைச் சொல்லப்போகிறேன் என்று அவளிடம் தொலைபேசியில் கேட்டேன். "சொல்லுங்கோ ரீச்சர், பெயரை மட்டும் விடுங்கோ" என்றாள். ஆகவே பெயரை விடுகிறேன்.

அவள் இன்னொரு டிரெசல்ஹவுஸ் ஆகியிருப்பாள் என்று நான் சொல்லவில்லை. அதை யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் போனதற்கு நானும் ஒரு காரணம்.

டிரெசல்ஹவுஸ் அம்மையாருக்கு வாசல் எப்படித் திறந்தது? 1967இல் அவர் எம்.ஐ.ரி. என்று அழைக்கப்படும் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துக்கு வருகைப் பேராசிரியராகப் போனார். அந்தப் பதவி ஒரு பெண்ணின் நன்கொடையால் உண்டானது. கல்வியில் பெண்களை முன்னேற்றுவதற்கென அபி ரொக்கபெலர் மோஸே என்பவர் கொடுத்த நிதியம் அது. வகுப்பு நேரம் தவிர மற்ற நேரத்தைத் தன் வசதிக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். ஒரு வருடத்தில் அவருடைய தகுதியைக் கண்டு நிரந்தரப் பேராசிரியர் ஆக்கினார்கள். அந்த நிறுவகத்தின் பொறியியல் பீடத்தில் நிரந்தரப் பதவி பெற்ற முதற் பெண் அவர். 1985இல் அங்கே மிக உயர்ந்த 'நிறுவகப் பேராசிரியர்' பதவியும் பெற்றார்; அதிலும் அவரே முதற் பெண். அவர் போனபோது பட்டப்படிப்பு மாணவரில் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். ஆண்களையும் பெண்களையும் ஒரே அளவுகோலால் தெரிவுசெய்யவேண்டும் என்று சக பேராசிரியை ஒருவரோடு சேர்ந்து வாதாடி வென்றார். தனித்தனியே தவித்துக்கொண்டிருந்த மாணவியரைக் கூட்டிப் பேசவைத்தார்.

காரீயத்தை அவர் விடவில்லை. 1970களில் தாள்களுக்கு இடையே வேறு அணுக்களைப் புகுத்தும் ஆராய்ச்சியில் இறங்கினார். நாம் கொப்பித் தாள்களுக்குள் மயிலிறகு வைப்பதைப் போல என்று எண்ணிக்கொள்ளுங்கள். எட்டுக் காபன் அணுவுக்கு ஒரு பொற்றாசிய அணு என்று புகுத்தினால் கறுத்த காரீயம் பொன்னிறமாகிவிடும். மிகக் குளிரவைத்தால் அது மீகடத்தியாகவும் ஆகிறது. இதை 1965இல் வேறு ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். காரீயமும் தனியே மீகடத்தி அல்ல, பொற்றாசியமும் தனியே மீகடத்தி அல்ல. இரண்டும் அடுக்கடுக்காகச் சேரும்போது அந்தக் குணம் பிறக்கிறது. இளமையில் விட்டுவந்த துறை இப்படி அவரிடமே திரும்பிவந்தது. பொற்றாசியத்தோடு இரசத்தையும் புகுத்திய காரீயத்தின் மீகடத்தலை அவருடைய மாணவர்கள் ஆராய்ந்தார்கள். இந்தப் புகுத்தற் சேர்வைகளைப் பற்றி அவரும் கணவரும் 1981இல் எழுதிய நீண்ட கட்டுரை அத்துறையினருக்குக் கைநூல் ஆயிற்று.

உங்கள் கைப்பைகளில் உள்ள தொலைபேசிகளிலும் இதே சங்கதிதான் நடக்கிறது. அதன் இலிதியம் பற்றரியில் மின்னேற்றும்போது இலிதியம் அணுக்கள் காரீயத் தாள்களுக்கு இடையே போய் அமர்கின்றன, பாவிக்கும்போது வெளியேறுகின்றன.

1985இல் அறுபது காபன் அணுக்களால் ஆன, உதைபந்து வடிவமுள்ள மூலக்கூறு கண்டுபிடிக்கப்பட்டது. 1991இல் அதற்குள்ளும் பொற்றாசியத்தைச் சேர்த்து 18 கெல்வினில் மீகடத்தி ஆக்கினார்கள். அதே 1991இல் ஜப்பானில் இஜிமா என்பவர் காபன் நனோக்குழாய்களைப் பற்றி அறிவித்தார். ஒற்றைக் காரீயத் தாளைச் சுருட்டிய குழாய் என்று எண்ணுங்கள். தடிப்பு தலைமயிரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவு. நாங்கள் செத்த பற்றரியை உடைத்துக் கரிக்கோல் எடுத்துக்கொண்டிருந்த அதே வருடம்.

பனையோலைப் பாயைச் சுருட்டும்போது ஓரத்தோடு ஓரம் நேராகவும் சுருட்டலாம். கொஞ்சம் சரித்தும் சுருட்டலாம். பாய்க்கு அதனால் வித்தியாசமில்லை. காபன் தாளுக்கு உண்டு. சுருட்டும் சரிவைப் பொறுத்து ஒரு குழாய் உலோகம் போல மின்னைக் கடத்தும், இன்னொன்று குறைகடத்தியாக இருக்கும் என்று 1992இல் டிரெசல்ஹவுஸ் தம்பதியரும் அவர்களுடைய ஜப்பானிய சகபாடிகளும் கணித்துச் சொன்னார்கள். ஒரே அணு, ஒரே பிணைப்பு, சுருட்டிய விதம் மட்டும் வேறு. ஆறு வருடம் கழித்து, 1998இல், தனித்தனிக் குழாய்களை அளந்து பார்த்தவர்கள் அது சரியென்று உறுதிசெய்தார்கள். முப்பது வருடம் தாளைப் படித்திருந்தவருக்குச் சுருட்டியதும் என்னவாகும் என்று தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

கௌரவங்கள் பின்னால் வந்தன. அமெரிக்கப் பௌதிகவியல் சங்கத்தின் தலைவி. 1990இல் தேசிய விஞ்ஞானப் பதக்கம். 2012இல் காவ்லி பரிசு. 2014இல் ஜனாதிபதி ஒபாமாவின் கையால் சுதந்திரப் பதக்கம். ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள். அவரிடம் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் அறுபதுக்கு மேல். எண்பது வயது கடந்தும் விடியற்காலையிலேயே ஆய்வுகூடத்துக்கு வந்துவிடுவார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் அல்லவா!

2017 பெப்ரவரி 20ஆம் திகதி, 86ஆவது வயதில் காலமானார். ஒரு வருடம் கழிந்து, 2018 மார்ச்சில், அதே எம்.ஐ.ரி.யில் ஹரில்லோ ஹெரெரோ என்பவரின் குழு ஒரு செய்தியை வெளியிட்டது. ஒற்றைக் காரீயத் தாள்கள் இரண்டை, அதாவது கிராபீனை, ஒன்றன்மேல் ஒன்றாக 1.1 பாகை திருப்பி வைத்து 1.7 கெல்வினுக்குக் குளிரவைத்தார்கள். வேறு எந்த மூலகத்தையும் புகுத்தாமலே அந்தத் தாள்கள் மீகடத்தின. மில்லி தொடங்கிய துறையும் அவர் வாழ்நாளெல்லாம் படித்த பொருளும் இரண்டு தாளில் ஒன்றாகிவிட்டன. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. அவர் திருத்தித் தந்த படத்தை வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் பார்த்தார்கள்.

சகோதரிகளே, இந்தக் கதையை வாசிப்பவர்கள், கஷ்டங்களை வென்ற வீரப்பெண் என்று சொல்லிக் கைதட்டுவார்கள். கைதட்டுவதில் பிழையில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்தவற்றையும் எண்ணிப் பாருங்கள். மேலே படி என்று சொல்ல ஒரு யாலோ கிடைத்தார். அவருடைய வேலையைத் தன் வேலையாகக் கருதிய கணவர் கிடைத்தார். பிள்ளைகளைப் பார்க்க நம்பிக்கையான ஒரு பெண்மணி நீண்டகாலம் கூட இருந்தார். நேரத்தைத் தளர்த்தித் தந்த பதவியொன்றை முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பணம் உண்டாக்கி வைத்திருந்தது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இன்று நான் பேசுவதற்கு ஒரு பெயர் இருந்திருக்காது. அப்படிப் பெயரில்லாமல் போனவர்கள் எத்தனை பேரோ.

ஆகவே சங்கத்திடம் நான் கேட்பது இரண்டு. நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டலாம், மணிக்கூட்டுக் கோபுரம் எழுப்பலாம் என்றெல்லாம் பேச்சு வந்தது. அவற்றுக்கு முன், நமது ஆய்வுகூடத்தைப் பாடசாலை விட்ட பிறகும் சனிக்கிழமைகளிலும் திறந்து வைத்திருக்க ஓர் ஆய்வுகூட உதவியாளருக்குச் சம்பளம் கொடுப்போம். காலையில் செய்முறையைத் தவறவிட்ட பிள்ளை பின்னேரம் வந்து அதைச் செய்யட்டும். ஏன் பிந்தினாய் என்று அவளிடம் யாரும் கேட்கவேண்டாம். இரண்டாவது, திருமணத்தாலோ குழந்தைகளாலோ இடம்பெயர்வாலோ படிப்பை நடுவில் விட்ட நமது பழைய மாணவியர், எந்த வயதிலும் எந்த நாட்டிலும் அதைத் தொடர விரும்பினால் கைகொடுக்கச் சிறு நிதியம் ஒன்றைத் தொடங்குவோம். என் ஓய்வூதியத்திலிருந்து முதற் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கிடைத்த விடயம் மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட விடயமாக இருக்கலாம். பயப்படவேண்டாம். அதை முழுதாகப் படியுங்கள். பென்சில் கரியில் ஒருவர் ஐம்பது வருடம் படிக்க இடமிருந்தது.

இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது ஆய்வுகூடத்தில் அந்த ஹோர்லிக்ஸ் போத்தல் இருக்கவில்லை. ஒரு கோல் மட்டும் என் மேசை லாச்சியின் மூலையில் கிடந்தது. அதை இன்று கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் ஆய்வுகூடத்தில் வைக்கப்போகிறேன். யார் கொண்டுவந்து தந்த கோல் என்று எனக்குத் தெரியாது. அவளுடையதாகத்தான் இருக்கும் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.